டிரைவரைத் திட்டறதுக்கு முன்னாடி: கிராஃபிக்ஸ் கார்டு கேள்வி பதில்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிராஃபிக்ஸ் கார்டு சர்வீஸ் பண்றவன் நான். டிரைவர்ங்கறது கம்ப்யூட்டரையும் கார்டையும் பேச வைக்கற சாஃப்ட்வேர். "டிரைவர் ப்ராப்ளம்"னு என் மேஜைக்கு வர்ற மெஷின்கள்ல பாதிக்கு மேல டிரைவர் நல்லாத்தான் இருக்கும். இந்த வாரம் வந்த கேள்விகளும் அப்படித்தான்.

பெரம்பூர் தம்பி: அண்ணா, என் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-க்குப் புது டிரைவரே வரமாட்டேங்குது. இன்ஸ்டால் பண்ணா "பொருத்தமான ஹார்டுவேர் இல்லை"ங்குது. கார்டு போயிடுச்சா?

போகல தம்பி, ரிட்டயர் ஆகியிருக்கு. உங்க கார்டு 2016-ல வந்த பாஸ்கல் தலைமுறை. அதுக்கும் முந்தின மேக்ஸ்வெல்லுக்கும் கேம் ரெடி டிரைவரை 2025 அக்டோபரோட என்விடியா நிறுத்திடுச்சு. 2028 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். 580 வரிசை டிரைவர்தான் உங்களுக்குக் கடைசி. அதைத் தேடி எடுத்துப் போடுங்க. இப்ப ஓடற கேம் எல்லாம் அப்படியே ஓடும். இனி வரப்போற கேமுக்குன்னு தனியா பண்ற சீர்திருத்தம் மட்டும் கிடைக்காது. 1650 வச்சிருக்கறவங்க பயப்பட வேண்டாம், அது பாஸ்கலுக்கு அப்புறம் வந்த ட்யூரிங் தலைமுறை.

மேடவாக்கம் சார்: கேம்ல இருபது நிமிஷம் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படம்) வருது, அப்புறம் 35-க்கு இறங்கிடுது. மூணு டிரைவர் மாத்திப் பார்த்துட்டேன். ஏப்ரல் வரைக்கும் நல்லா இருந்தது.

கடைசி வரியிலயே பதில் இருக்கு சார். அக்னி நட்சத்திரத்துக்கு யாரும் டிரைவர் எழுதல.

கார்டோட சூடு ரூம் சூட்டு மேல ஏறி உட்காரும். டிசம்பர்ல 70 டிகிரியில ஓடின கார்டு, ரூம் பத்து டிகிரி ஏறினா கிட்டத்தட்ட அதே பத்து ஏறும். என்விடியா கார்டு நிறைய 83-ஐ ஒட்டி வந்ததும் தன்னைக் காப்பாத்திக்கத் தானே கிளாக்கை, அதாவது சிப் ஓடற வேகத்தை, குறைச்சுக்கும். ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேரைப் போட்டு சூடு, கிளாக், எஃப்பிஎஸ் மூணையும் திரையிலயே ஓட விடுங்க. சூடு ஏற ஏற கிளாக் இறங்கினா வேற விசாரணையே வேண்டாம்.

அடுத்து கேபினெட்டைத் திறங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல தூசி பொடியா இருக்காது, ஹீட்சிங்க் (சிப் சூட்டை இழுக்கற உலோகத் தகடுகள்) இடுக்குல கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். வாயால ஊதினா அசையாது. காஞ்ச பெயிண்ட் பிரஷால தேய்ச்சு எடுத்துட்டு புளோயர் பிடிங்க. ஃபேனை ஒரு விரலால நிறுத்திக்கிட்டு ஊதுங்க, தாறுமாறா சுத்தினா பேரிங் போயிடும். நாலஞ்சு வருஷக் கார்டுன்னா சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல இருக்கற பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காஞ்சிருக்கும், மாத்திடுங்க. போன மே மாசம் திருவான்மியூர்ல இருந்து ஒரு கார்டு வந்தது. கடல் காத்துல ஸ்க்ரூ துருப்பிடிச்சு, அதைக் கழற்றவே எனக்கு அரை மணி நேரம்!

அதே ஆஃப்டர்பர்னர்ல, கார்டு எவ்வளவு கரன்ட் இழுக்கலாம்ங்கற பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்க. எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் குறையும், சூடு நல்லாவே இறங்கும். கேபினெட் மேஜைக்குள்ள கதவு வச்ச அறையிலயா இருக்கு? வெளியே எடுத்துடுங்க.

அண்ணா நகர்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசமே தெரியல.

திரை நொடிக்கு எத்தனை தடவை மாறணும்ங்கறதுதான் ஹெர்ட்ஸ். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல அது இன்னும் 60-லதான் இருக்கும், மாத்துங்க. கேபிள் கார்டுல சொருகியிருக்கா, மதர்போர்டுலயான்னும் பின்னாடி எட்டிப் பாருங்க. சிரிக்காதீங்க, வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வர்றாங்க.

கொளத்தூர்: ஆன்லைன்ல மலிவா 1050 டிஐ எடுத்தேன். டிரைவர் போட்டதும் திரை கறுப்பாயிடுது.

பின்னாடி நீல நிற விஜிஏ போர்ட் இருக்கா? இருந்தா எனக்குச் சந்தேகம்தான். பாஸ்கல் சிப்புல விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் அவுட்புட்டே கிடையாது. ரொம்பப் பழைய ஃபெர்மி தலைமுறை சிப் வச்ச கார்டோட பயாஸை (கார்டுக்குள்ளயே பதிஞ்சிருக்கற சாஃப்ட்வேர்) மாத்தி, 1050 டிஐ-ன்னு பேர் காட்ட வச்சு விக்கறாங்க. டிரைவர் அந்தப் பேரை நம்பிப் பேசப் போகும், உள்ள இருக்கற சிப்புக்கு அந்த பாஷை புரியாது. கார்டு விவரம் காட்டற ஜிபியு-இஸட் சாஃப்ட்வேரை ஓட்டுங்க, போலின்னா கார்டு பேருக்கு முன்னாடி "FAKE"னு போட்டுக் காட்டிடும். ரிப்பேர் எதுவும் இல்ல, பணத்தைத் திருப்பிக் கேளுங்க. தொழில் தெரிஞ்ச நானே ஒரு தடவை ஏமாந்தேன். அந்தக் கார்டு இன்னும் என் டிராயர்ல கிடக்கு.

தாம்பரம் அம்மா: பையனுக்கு ரைசன் 5600ஜி வாங்கிக் கொடுத்தோம், தனி கார்டு இல்ல. கேம் திக்கித் திக்கி ஓடுதாம். டிரைவர் அப்டேட் பண்ணணுமா?

ரேம் எத்தனை குச்சி போட்டிருக்காங்கன்னு பாருங்கம்மா. ஒரே 16 ஜிபி குச்சின்னா அதுதான் காரணம். தனி கார்டு இல்லாத மெஷின்ல கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்தும். ஒத்தைக் குச்சின்னா பாதி வழி அடைச்ச மாதிரி. ரெண்டு 8 ஜிபியா மாத்தித் தரச் சொல்லுங்க. அப்படியே மதர்போர்டு பயாஸ்ல எக்ஸ்எம்பி-யை (ரேமை அதோட முழு வேகத்துல ஓட விடற செட்டிங்) ஆன் பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா 3200 வேகத்துல ஓட வேண்டிய ரேம் 2133-லயோ 2400-லயோ ஓடிட்டிருக்கும்.

போரூர்: ஒவ்வொரு அப்டேட்டுக்கும் டிடியு (பழைய டிரைவரை அடியோட துடைக்கற சாஃப்ட்வேர்) போடணுமா?

வேண்டாம். ஏஎம்டி-ல இருந்து என்விடியாவுக்கு மாறும்போதும், டிரைவர் கிராஷ் ஆகும்போதும் போதும். சேஃப் மோட்ல, நெட் கேபிளைப் பிடுங்கிட்டு ஓட்டுங்க. இல்லேன்னா நீங்க துடைச்ச இடத்துல விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு ஒரு பழைய டிரைவரைக் கொண்டு வந்து வச்சிடும்.

மயிலாப்பூர்: உபுண்டு லினக்ஸ், ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கார்டு. எந்த டிரைவர்?

எதுவும் வேண்டாம். உபுண்டுவோடயே வர்ற லினக்ஸ் கெர்னல்லயும் மெசாங்கற கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர்லயும் ஏற்கெனவே இருக்கு.

வியாசர்பாடி: கரன்ட் போனா, பிரவுஸ் பண்ணும்போது யூபிஎஸ் தாங்குது. கேம் ஆடும்போது மட்டும் பட்டுன்னு அணைஞ்சிடுது. டிரைவரா?

600 விஏ யூபிஎஸ்ஸா? அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம்ல கார்டும் ப்ராசஸரும் சேர்ந்து இழுக்கும், மானிட்டரும் அதுலயே தொங்கும். புது பேட்டரின்னா லோடு தாண்டுது, பழசுன்னா பேட்டரியே போயிருக்கலாம். உங்க கார்டு மாடலையும் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள இருக்கற பவர் சப்ளை) லேபிள்ல போட்டிருக்கற வாட்டையும் எழுதுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்.