மருத்துவர் பதில்கள்: உலோக மூட்டுக்குப் பின் நடை

கேள்வி: என் தம்பிக்கு வயது 23. விசைப்படகில் கடலுக்குப் போய்வந்தவன். இடது முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் ஆஸ்டியோசர்கோமா என்னும் புற்றுக்கட்டி வந்ததால், கீமோதெரபி கொடுத்து, அந்த எலும்புப் பகுதியையும் மூட்டையும் எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்தினார்கள். எட்டு மாதங்கள் ஆகின்றன. வீட்டுக்குள் கைத்தடியில்லாமல் நடக்கிறான். ஆனாலும் சாய்ந்து நடக்கிறான், மணலில் தடுமாறுகிறான். பழைய நடை திரும்புமா? படகேறலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதும் எப்படி நடக்கிறார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். இத்தகைய கட்டி அறுவைக்குப் பின் கை, கால் எப்படி இயங்குகிறது என்பதை மதிப்பிட 1993 முதல் உலகெங்கும் பயன்பட்டுவரும் 30 மதிப்பெண் அளவீட்டிலும் வலி, செயல்பாடு, மன ஏற்பு, ஊன்றுகோல் தேவை ஆகியவற்றோடு இவ்விரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. உங்கள் தம்பிக்கு நடக்கும் தூரம் இன்னும் நன்றாகக் கூடலாம். சாய்வு குறையும், ஆனால் சிறிதளவு தங்கிவிடக்கூடும்.

காரணம் உலோகத்தில் இல்லை. கட்டியை முழுமையாக எடுக்க, அதைச் சுற்றியிருந்த நல்ல தசையிலும் ஒரு பகுதியைச் சேர்த்தே வெட்ட வேண்டியிருக்கிறது. முழங்காலை நீட்டி நிறுத்தும் முன்தொடைத் தசையில் எவ்வளவு மிஞ்சியதோ, அதைப் பொறுத்தே நடை அமைகிறது. இதில் உங்கள் தம்பிக்கு ஓர் ஆறுதல் உண்டு. கட்டி முழங்காலுக்குக் கீழே, கணுக்கால் பக்கம் இறங்கும் எலும்பின் மேல்முனையில் இருந்திருந்தால், முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் தசைநாரையே அறுத்து மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அவர்களில் பலருக்குக் காலை முழுதாக நீட்ட வருவதில்லை. தொடை எலும்பின் கீழ்முனையில் பொருத்துபவர்களுக்குப் பொதுவாக நடை மேலாகவே அமைகிறது.

மணலில் தடுமாறுவதற்கும் இந்தத் தசைதான் காரணம். கால் புதையும்போது முழங்கால் எதிர்பாராமல் மடங்குகிறது. அதைப் பிடித்து நிறுத்தும் வலு தசைக்கு இன்னும் வரவில்லை. ஆகவே முன்தொடை, இடுப்புப் பக்கத் தசைகளுக்கான பயிற்சியை, இராமநாதபுரத்துக்குப் போய்வர வேண்டியிருந்தாலும், பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் தொடருங்கள். மணலில் நடப்பதானால் முதலில் அலை வந்துபோகும் ஈரமணலில், வலது கையில் தடியுடன் நடக்கட்டும். இடது காலுக்குத் தடி வலது கையில் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. படியேறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது இடது கால் முதலில்.

படகைப் பற்றி நான் தயங்காமல் சொல்வேன்: கரையிலிருந்து படகுக்குக் குதிப்பதும், ஆடும் தளத்தில் கால் ஊன்றி வலை இழுப்பதும் இந்த மூட்டுக்கு ஏற்ற வேலைகள் அல்ல. மூட்டு தளர்வதும், எலும்புக்குள் செருகிய அதன் தண்டைச் சுற்றியுள்ள எலும்பு முறிவதும் மறு அறுவைக்கு இட்டுச்செல்லும். வயது 23 என்பதால் வாழ்நாளில் ஒருமுறையேனும் அது தேவைப்படலாம், அதை விரைவுபடுத்த வேண்டாம். உயரமான இருக்கையில் அமர்ந்து வலை பின்னுவது, ஏலக் கணக்குப் பார்ப்பது போன்ற கரை வேலைகளுக்குத் தடையில்லை.

இன்னொன்று, நடையைவிட முக்கியமானது. நம் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்து சிப்பி கீறினால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தக் கீறலிலோ சொத்தைப் பல்லிலோ தொடங்கும் கிருமி உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் அகற்றுவது மிகக் கடினம்; முற்றினால் காலையே இழக்க நேரிடும். செருப்பு கட்டாயம். காய்ச்சலோ, மூட்டில் சூடோ வீக்கமோ வந்தால் கடை மாத்திரையோடு நிற்காமல் அறுவை செய்த மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: 11 வயதுப் பேத்திக்கும் இதே இடத்தில் இதே அறுவை செய்ய வேண்டும் என்கிறார்கள். வளரும் பிள்ளைக்குக் கால் குட்டையாகிவிடாதா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் முழங்காலை ஒட்டிய வளர்ச்சித் தட்டிலிருந்தே வருகிறது, ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். பெண் குழந்தைகளுக்கு 14 வயதையொட்டி இது நின்றுவிடுவதால், அறுவையில் இந்தத் தட்டை எடுத்துவிட்டாலும் குறையக்கூடியது 3 சென்டிமீட்டர் அளவே. நீட்டிக்கக்கூடிய மூட்டு வகைகள் உள்ளன, விலை அதிகம். அதுவா, சாதாரண மூட்டோடு உயர்த்திய செருப்பா என்பதை எக்ஸ்ரேயில் எலும்பு வயதை, அதாவது எலும்பு எந்த அளவு முதிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து மருத்துவர் சொல்வார். அறுவைக்கு முன்பே கேளுங்கள்.