உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டால் பேசக்கூடாதா?

வணக்கம் ஐயா,

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தவறு என்று எழுதியிருந்தீர்கள். நாட்டின் கடைசி நீதிமன்றமே சொன்ன பிறகு அதுதான் சரி என்று ஏற்றுக்கொள்வதுதானே முறை? ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னால் நீதிமன்றம் எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும், சரி. உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் மற்ற எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசியல் சாசனத்தின் 141ஆவது பிரிவே சொல்கிறது, வழக்கு என்றால் எங்காவது முடியத்தானே வேண்டும். ஆனால் அது சரி என்று நம்பவும் சொல்கிறீர்கள். 1976இல் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அது முடியாது.

நெருக்கடி நிலையில் விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்தவர்களுக்காக ஆட்கொணர்வு மனுக்கள் போட்டார்கள். அவற்றை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லின. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட நீதிமன்றத்தில் வழியில்லையா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே. இதைக் காதால் கேட்ட பிறகும் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம்தான் தீர்ப்பெழுதினார்கள். கன்னா மட்டும் மறுத்தார், மாறுபட்ட தீர்ப்பு என்பது வருங்காலத்தின் அறிவிடம் செய்யும் முறையீடு என்ற பழைய கருத்தை எடுத்துக்காட்டி. அடுத்த ஜனவரியில் அவரை ஒதுக்கிவிட்டு அவருக்கு இளையவரான பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள், கன்னா ராஜினாமா செய்தார்.

நீங்கள் சொல்கிறபடி அத்தோடு எல்லோரும் வாயை மூடியிருக்க வேண்டும். நல்லவேளை, மூடவில்லை. 1978இல் 44ஆவது திருத்தம் வந்து, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்றாக்கியது. நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்லித் தள்ளுவதற்கு 2017 வரை ஆயிற்று, தனியுரிமை வழக்கில். அப்படி எழுதிய டி.ஒய்.சந்திரசூட், 1976இல் அந்த நால்வரில் ஒருவராக இருந்த ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்.

அப்புறம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. தன்பாலின உறவு குற்றமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது. 2018இல் அதே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப்போட்டது. இடையில் ஐந்து வருஷம் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகளாக வாழ்ந்தவர்களிடம் போய், கடைசி நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுதான் சரி என்று உங்களால் சொல்லியிருக்க முடியுமா? நீதிமன்றம் எதற்கு என்று கேட்டீர்களே, அந்தத் தீர்ப்பு தவறு என்று நம்பியவர்கள் மறுபடியும் மனு எடுத்துக்கொண்டு போனது அங்கேதான்.