தூக்கிப் போட்டதா, எடுத்து வைத்ததா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வயது 26. பகலில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை, ராத்திரியில் படம் வரைவேன். யாரிடமும் முறையாகக் கற்றுக்கொண்டதில்லை. கொஞ்ச நாளாக ஒன்றுமே வரைய வரவில்லை. இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் மலை, அருவி, புதுச்சேரியின் மஞ்சள் சுவர் என்று வரைந்து தள்ளுகிறார்கள். எங்கள் பக்கம் இருப்பதோ கன்டெய்னர் லாரி, தூசி, தெருமுனைக் குப்பை. போன மாதம் அந்தக் குப்பையில் ஒரு மர நாற்காலி கிடந்தது. ஒரு கால் இல்லை, பிரம்பு கிழிந்திருந்தது, வலது கைப்பிடியில் மட்டும் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். விட்டுவிட்டு வர மனசு வரவில்லை, வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். "ஊரே குப்பையை வெளியே போடுது, நீ உள்ளே கொண்டு வர்றியா? மூட்டைப்பூச்சி வந்தா யார் பார்ப்பா?" என்று அம்மா ஒரே சத்தம். நாற்காலி இப்போது மொட்டை மாடியில். வரையவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. இதெல்லாம் கலையில் சேர்த்தியா, இல்லை எனக்குத்தான் கிறுக்கா?

- பெயர் வேண்டாம், சென்னை-21

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கிறுக்கெல்லாம் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அந்தத் துணியைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் நாற்காலி என்ன நிறம் என்று இல்லை, எவ்வளவு உயரம் என்று இல்லை. ஆனால் துணி எந்தக் கைப்பிடியில் கட்டியிருந்தது என்று மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுமே வரைய வரவில்லை என்கிறவருக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது? வரைகிறவர்களுக்கு வேண்டிய முதல் சாமான் உங்களிடம் இருக்கிறது. அது வேலை செய்துகொண்டும் இருக்கிறது. அதை நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

மொட்டை மாடிக்குப் போய் அந்தத் துணியை மறுபடி பாருங்கள், அவிழ்க்காமல். துணியின் முன்பக்கம் அழுந்தி மழுங்கியிருந்தால், அதில் கையை ஊன்றி எழுந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். முழங்கால் வலிக்காரராக இருக்கலாம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால், முழங்கையை அங்கே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கேயும் தேயவில்லை என்றால் அடியில் ஆணியோ சிலும்போ நீட்டிக்கொண்டிருக்கும், குத்தாமல் இருக்கச் சுற்றியிருப்பார்கள். துணி என்ன துணி? லுங்கியா, புடவைக் கரையா, பனியனா? ஒரு சுற்றா, பழசின் மேல் புதுசாக இன்னொன்றா? முடிச்சு வெளிப்பக்கம் இருக்கிறதா, கை படாதபடி அடியில் தள்ளியிருக்கிறதா? அடியில் இருந்தால் கட்டியவர் உட்காரப் போகிறவரை நினைத்துக் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் இந்தக் கேள்விகளோடு வரைந்தால் பென்சில் நிற்காது. முழு நாற்காலியை வரைய வேண்டாம். அந்த முடிச்சை மட்டும், இருக்கிற அளவிலேயே வரையுங்கள்.

ஷோரூமில் இருக்கும் புது நாற்காலியை இப்படிக் கேள்வி கேட்க முடியாது. அதில் இன்னும் யாரும் உட்காரவில்லை. பழையதில் தேய்மானம் இருக்கிறது, ஒட்டுப்போட்டது இருக்கிறது. நீங்கள் வரைய வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. 'அழகான பாழ்' என்று சிலர் உடைந்த பொருளை எல்லாம் தங்க வெளிச்சத்தில் காட்டுவார்கள், அதில் எனக்கு ருசி இல்லை. பொருளை யார், எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அழகு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் படம் நிற்கும்.

அப்புறம், உங்கள் ஏரியாவைப் பற்றி. வடசென்னையில் தெருவில் கிடக்கிற நாற்காலி எல்லாம் தூக்கிப் போட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதி, எடுத்து வைத்தது. சாக்கடை மூடி உடைந்த இடத்தில் பைக்காரர் விழாமல் இருக்க ஒரு முதுகில்லாத நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு சிவப்புத் துணியையோ வேப்பங்கிளையையோ செருகியிருப்பார்கள். குடிநீர் லாரி வருவதற்கு முன்னால் குடங்களோடு ஒரு கால் உடைந்த ஸ்டூலும் வரிசையில் நிற்கும், அது ஒரு பாட்டியின் இடம். கடை வாசலில் வண்டி நிறுத்தாமல் இருக்க ஒன்று. கேரம் ஆடுகிற பையன்கள் பலகையைத் தாங்கக் கொண்டுவந்து போட்டது ஒன்று. காசிமேட்டில், இருக்கை போன நாற்காலிக்கு வலைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் போட்டு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்னியவருக்கு வலை முடியத் தெரியும் என்பது முடிச்சுகளிலேயே தெரிந்தது. இதை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

அதனால் ஒரு பொருளைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது: இது தூக்கிப் போட்டதா, எடுத்து வைத்ததா? எடுத்து வைத்தது என்றால் தொடாதீர்கள், அங்கேயே நின்று வரையுங்கள். அதைச் சுற்றி இருக்கிற குடம், கிளை, பலகை எல்லாம் சேர்ந்துதான் படம். தூக்கிப் போட்டது என்றாலும் உடனே நம்முடையது ஆகிவிடாது. காலையில் மீன்பாடி வண்டியில் வந்து பொறுக்கி எடுத்துக் காயலான் கடையில் போடுகிற அண்ணனுக்கு அது அன்றைய வருமானம். அவரிடம் கேளுங்கள், இல்லை கடைக்கே போய்க் கேளுங்கள். பழைய கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் எடை போட்டே கொடுத்துவிடுவார்கள்.

இந்தச் சாமான் வெளியே வருவதற்கும் ஒரு காலம் உண்டு. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் குட்டியானை தெருவுக்குள் வரும், புது வீட்டு வாசலில் நுழையாத கட்டிலும் பீரோவும் முனையில் நிற்கும். மார்கழியிலும் அப்படித்தான், ஒன்றும் நகராது. கடைசி நாள் போகிக்கு எல்லாம் மொத்தமாக வெளியே வரும். எரிப்பதற்கு முன்னால் ஒரு நடை போய் வாருங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு வருவது வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் வெள்ளம் புகுந்த தெருக்களில் ஊறிய மெத்தையும் உப்பிப்போன பிளைவுட் கட்டிலும் குவிந்து கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது, வடிந்த பிறகு சுவரில் கறுப்பாகக் கோடு நின்றது. ஒரு பீரோவின் கதவில் தண்ணீர் நின்ற கோட்டை வரைந்தால் அது பெரிய படம்தான். ஆனால் அந்த பீரோவுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பார். முதலில் அவரிடம் பேச வேண்டும், நோட்டுப் புத்தகம் அதற்கு அப்புறம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சரி, கலையில் சேர்த்தியா என்று கேட்டீர்கள். லூயிஸ் நெவல்சன் என்று ஒரு அமெரிக்கப் பெண் சிற்பி இருந்தார். 1899-ல் இன்றைய உக்ரைனில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். அப்பா மரக்கடை வைத்திருந்தார். நியூயார்க் தெருக்களில் கிடந்த நாற்காலிக் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், பெட்டிப் பலகை என்று பொறுக்கி வந்து, பெட்டி பெட்டியாக அடுக்கி, சுவர் அளவுக்குச் சிற்பம் செய்தார். 1958-ல் அவர் செய்த 'ஸ்கை கதீட்ரல்' நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்களுக்கு உதவப் போவது அவர் செய்த ஒரு காரியம்: எல்லாத் துண்டுக்கும் ஒரே கறுப்பு பெயின்ட் அடித்தார். அடித்ததும் இது நாற்காலிக் கால், அது கதவுத் துண்டு என்கிற அடையாளம் பின்னால் போய்விடுகிறது. வளைவும் குழியும் நிழலும் முன்னால் வருகின்றன. நீங்களும் கொஞ்ச நாளைக்குக் கலரை மூட்டை கட்டிவிட்டு, கறுப்பு பால்பாயின்ட் பேனா ஒன்றோடு மட்டும் வேலை செய்யுங்கள். தூசி படிந்த தெருவுக்குக் கலர் தேடி அலைகிற பாடு முதலில் தீரும்.

இன்னொரு வழி இன்னும் சுலபம். பள்ளிக்கூடத்தில் காசின் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்திருப்பீர்களே, அதேதான். கிழியாமல் மிஞ்சியிருக்கிற பிரம்புப் பின்னல், விரிசல் விட்ட பலகை, கன்டெய்னரின் மடிப்புத் தகடு, வார்ப்பிரும்பு மூடியின் எழுத்து, எதன் மேலும் மெல்லிய தாளை வைத்துத் தேய்க்கலாம். பிரம்புப் பின்னலில் எட்டு மூலைக் கண்கள் வரிசையாக விழும், கிழிந்த இடத்தில் வரிசை குலையும். அந்தக் குலைவிலிருந்து படம் ஆரம்பிக்கும். எதையும் தூக்கி வரவும் வேண்டாம். ஓடுகிற லாரியில் மட்டும் முயற்சி செய்ய வேண்டாம்.

ராயபுரம் ரயில் நிலையம் பக்கத்தில்தானே இருக்கிறது, அதை வரையலாமே என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பிய இடம், தூண்களும் கம்பீரம்தான். ஆனால் அதை வரைந்தவர்கள் ஏராளம், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது வரை முடிவாகிவிட்டது. உங்கள் தெருமுனைக்கு அப்படி ஒரு கோணம் இன்னும் யாரும் வைக்கவில்லை. நிறுத்திய டிரெய்லருக்கு அடியில் டிரைவர் தூளி கட்டித் தூங்குவது, கோலத்தின் மேல் ஸ்கூட்டர் டயர் இழுத்த கோடு, மீன்பாடி வண்டியில் கால்கள் வானத்தைப் பார்க்கக் கட்டிப் போகிற நாலு நாற்காலி, ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதிலாக நிற்கிற பைகள். ஆபீஸ் போகிற வழியில் பத்து நிமிஷம் போதும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஆள் முகத்தை வரைவதானால் சொல்லிவிட்டு வரையுங்கள்.

இனி அம்மா. மூட்டைப்பூச்சி விஷயத்தில் நான் அம்மா கட்சி. சோபா, மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த எதையும் தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். மரச் சாமான் என்றால் மூட்டுகளிலும் ஆணி ஓட்டைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் மொட்டை மாடியிலேயே இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள், பூச்சியும் முட்டையும் அதில் பிழைக்காது. சின்னச் சின்ன ஓட்டைக்குக் கீழே மாவு போலத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, வீட்டு நிலைப்படிக்குப் பரவும், விட்டுவிடுங்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் டிடி ஊசி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

உங்களுக்கு நான் வைக்கிற சட்டம் ஒன்று உண்டு. கட்டைப்பையில் அடங்குகிறது என்றால் எடுத்து வரலாம், அடங்காதது தெருவிலேயே இருக்கட்டும். ஒரு கைப்பிடி, ஒரு கால், பீரோ சாவி வளையம், பிரம்புத் துண்டு. வண்ணாரப்பேட்டை வீட்டில் ஆள் படுக்கவே இடம் பார்க்க வேண்டியிருக்கும்போது அம்மா கத்துவது கலைக்கு எதிராக இல்லை, சதுர அடிக்காக.

அம்மாவுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டுமானால் நேக் சந்தைச் சொல்லுங்கள். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். 1957-லிருந்து உடைந்த பீங்கான், வளையல், கட்டடக் கழிவு என்று சேர்த்து, காட்டு நிலம் ஒன்றில் யாருக்கும் தெரியாமல் சிற்பங்கள் செய்துகொண்டிருந்தார். 1976-ல் அரசாங்கமே அதைத் தோட்டமாகத் திறந்து வைத்தது. கதையைச் சொல்லும்போது 'காடு' என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அவருக்கு ஏக்கர் கணக்கில் மறைவிடம் இருந்தது, உங்களுக்கு இருப்பது ஒரு மொட்டை மாடியும் அதில் துணி காயப்போட வரும் அம்மாவும்.

அந்த மூணு கால் நாற்காலியைக் கட்டைப்பைச் சட்டத்திலிருந்து இந்த ஒரு தடவை விலக்கி வைக்கிறேன். முடிச்சையும் பிரம்பையும் வரைந்து முடிக்கிற வரை மாடியில் இருக்கட்டும், அம்மாவிடம் ஒரு தேதி சொல்லி அனுமதி வாங்குங்கள். தேதி முடிந்ததும் தச்சு வேலை தெரிந்த யாரிடமாவது நாலாவது கால் போட முடியுமா என்று கேளுங்கள். மரம் தேக்கு என்றால் அவரே விடமாட்டார். இல்லை என்றால் கைப்பிடியைத் துணியோடு அறுத்து எடுத்துக்கொண்டு மீதியை மீன்பாடி வண்டி அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். படத்தை எனக்கு அனுப்புங்கள், நன்றாக இல்லாவிட்டாலும்.