வீட்டிலேயே வென்ற ஆட்டமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2008-இல் பான் நகரில் நடந்த உலக சதுரங்கப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தை ஆனந்தின் தலைசிறந்த வெற்றிகளில் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கணினியும் உதவியாளர்களும் வீட்டில் கண்டுபிடித்துக் கொடுத்ததை மேடையில் ஒப்பிப்பதில் என்ன மேதைமை? வினாத்தாள் முன்கூட்டியே கிடைத்த மாணவன் நூற்றுக்கு நூறு வாங்குவதைப் போலத்தானே இது?

கே.,
கும்பகோணம்

அன்புள்ள கே.,

வினாத்தாள் கிடைத்தவன் 33-ஆவது கேள்வியில் தடுமாறமாட்டான். ஆனந்த் தடுமாறினார். எதிரே ஆடிய ரஷ்ய வீரர் கிராம்னிக்கின் பிஷப்பை ராஜாவுக்குச் செக் வைத்தபடியே வெட்டி அப்போதே கதையை முடித்திருக்கலாம். அதை விட்டுவிட்டுத் தன் பிஷப்பை எச்3 கட்டத்துக்கு நகர்த்தினார். கடிகாரம் விரட்டிக்கொண்டிருந்தது. 41-ஆவது நகர்த்தலில்தான் வெற்றி வந்தது. மனப்பாடம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் தயாரிப்பு எதற்கு? 2000-இல் லண்டனில் கிராம்னிக் பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க முறையை ஆடி, ராணிகளை ஆரம்பத்திலேயே பலகையை விட்டு இறக்கி, அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவிடாமல் பட்டத்தைப் பறித்தவர். அமைதியான நிலையில் அவரைத் தொடுவது கடினம். ஆகவே தன் உதவியாளர்களான நீல்சன், காசிம்ஜானோவ், சூர்ய சேகர் கங்குலி, வோய்டாஷெக் ஆகியோரோடு உட்கார்ந்து ஆனந்த் தேடியது, கிராம்னிக்குக்குப் பிடிக்காத மாதிரியான நிலையை. கிடைத்தது செமி ஸ்லாவ் என்ற தொடக்க முறையின் மெரான் வகையில், கறுப்புக் காய்களோடு 14-ஆவது நகர்த்தலில் பிஷப்பை பி7-இல் வைக்கும் யோசனை. தன் பி5 சிப்பாய் போகிறதா, போகட்டும். பதிலுக்கு ஜி வரிசை திறந்துகொள்கிறது, யானை நேராக வெள்ளை ராஜாவைப் பார்க்கிறது. ஆனந்தின் கறுப்பு ராஜா கோட்டை கட்டவே இல்லை. எஃப்8, ஜி7, எச்6 என்று அது நடந்துபோவதைப் பார்த்தால் நமக்கே வயிறு கலங்கும். ஆனந்துக்கு அந்தக் குழப்பம் பழகிய வீடு. கிராம்னிக் ஒவ்வொரு மூலையையும் அங்கேயே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

நீங்கள் சொல்வது பொருந்தும் ஆட்டமும் உண்டு. 1995-இல் நியூயார்க்கில், பத்தாவது ஆட்டத்தில், காஸ்பரோவ் யானையைத் தியாகம் செய்து இதே ஆனந்தை வீழ்த்தினார். முக்கியமான நகர்த்தல்களுக்கு அவர் செலவிட்ட நேரம் மிகக் குறைவு. அதை ஒப்பித்தல் என்றால் நான் பெரிதாகச் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் பானில் ஐந்தாவது ஆட்டத்தையும் பாருங்கள். ரோஷமோ என்னவோ, கிராம்னிக் அதே மெரானுக்குள் மறுபடி வந்தார். ஆனந்த் 15-ஆவது நகர்த்தலில் மூன்றாவது ஆட்டத்தைப் போலப் பிஷப்பை டி6-க்குக் கொண்டுவராமல் யானையை ஜி8-க்கு மாற்றினார். இங்கேயும் முடிவு வீட்டிலிருந்து வரவில்லை. 29-ஆவது நகர்த்தலில் கிராம்னிக் டி4 சிப்பாயைக் குதிரையால் எடுத்தார். அதுதான் பிழை. வரிசையாகக் காய்கள் வெட்டுப்பட்ட பிறகு, 34-ஆவது நகர்த்தலில் ஆனந்தின் குதிரை இ3-இல் வந்து உட்கார்ந்தது. அதை வெட்டினால் கறுப்புச் சிப்பாய் இ3-க்கு வந்துவிடும், பிறகு அது ராணியாவதைத் தடுக்க ஆளில்லை. கிராம்னிக் வெட்டினார், அடுத்த நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வசதிப்பட்டால் அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்து, 28-ஆவது நகர்த்தலோடு நிறுத்திக்கொண்டு வெள்ளைக்காக யோசித்துப் பாருங்கள். அந்த டி4 சிப்பாயை எடுக்க உங்கள் கையும் பரபரக்கும்.