காய்ச்சலில் கட்டி கரையுமா?

கேள்வி: மண்டபத்தில் வசிக்கிறோம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்; மதுரையில் கீமோ நடக்கிறது. கீழக்கரையில் ஒருவருக்குக் கடும் காய்ச்சலுக்குப் பின் சிறுநீரகப் புற்றுக்கட்டி தானாகவே கரைந்துவிட்டதாம். ஆகவே மீதிக் கீமோ வேண்டாம் என்கிறார் பெரியம்மா. அம்மாவும் தயங்குகிறார். நிறுத்தலாமா?

பதில்: சகோதரிக்கு, நிறுத்தக் கூடாது. கீழக்கரைச் செய்தியை நான் பொய்யென்று தள்ளவில்லை. சிறுநீரகப் புற்றும் தோலில் வரும் மெலனோமா என்ற புற்றும் மிக அரிதாகத் தாமே சுருங்கியதுண்டு; கைக்குழந்தைகளின் நரம்புத்திசுக் கட்டி அவற்றைவிட அடிக்கடி அப்படிச் சுருங்குவதுண்டு. எவர்சன், கோல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1900 முதல் 1960 வரை மருத்துவ ஏடுகளில் பதிவானவற்றைச் சலித்தெடுத்தபோது, ஏற்கத்தக்கவையாகத் தேறியவை 176 மட்டுமே. மார்பகப் புற்றில் இது இன்னும் அபூர்வம்.

காய்ச்சலால் கட்டி கரையும் என்பதை 1891-லேயே செய்து பார்த்தவர், நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி. தோலில் பரவிய கடும் தொற்றுக்குப் பின் ஒரு நோயாளியின் கழுத்துக் கட்டி மறைந்ததை அறிந்த அவர், வேண்டுமென்றே நோயாளிகளுக்குக் கிருமியைச் செலுத்தினார். சிலருக்குக் கட்டி சுருங்கியது, சிலர் அந்தத் தொற்றிலேயே இறந்தார்கள். கட்டியைத் தாக்கியது காய்ச்சலின் சூடு அன்று, கிருமியால் உசுப்பப்பட்ட எதிர்ப்பாற்றல்தான் என்பதே இன்றைய மருத்துவத்தின் கணிப்பு. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்தை, சிறுநீர்ப்பையின் மேலோட்டமான புற்றுக்காக அந்தப் பையினுள் செலுத்துவதும் அந்த வழியில் வந்ததே. எதிர்ப்பாற்றலுக்குப் புற்று போடும் கடிவாளத்தை அவிழ்க்கும் முறைக்காக ஆலிசன், ஹோஞ்சோ என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அத்தகைய மருந்து சில வகை மார்பகப் புற்றுக்கும் உண்டு. பெரும்பாலும் கீமோவுடன் சேர்த்தே தருகிறார்கள். அம்மாவுக்குப் பொருந்துமா என்று மதுரை மருத்துவரிடம் கேளுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வரும் காய்ச்சலை, ‘கட்டி கரைகிறது’ என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தால், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டில் வெப்பமானி இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல், மதுரைக்கும் ஓடாமல், முதலில் இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய், கீமோ எடுப்பவர் என்று சொல்லுங்கள். கீமோ அட்டை கையில் இருக்க வேண்டும். நேர்த்திக்காக ஏர்வாடி தர்காவுக்குப் போவதானால் போகட்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் கூட்டம் வேண்டாம்.

அம்மாவின் தயக்கத்துக்குக் காரணம் வாந்தியா, அசதியா, பேருந்துப் பயணமா என்று தனியே உட்கார்ந்து கேளுங்கள். வாந்திக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அடுத்த கீமோவுக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் பெரியம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.