மற்றும் குடுத்தார் குடுத்தனவும்

பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வாசிப்பதையும், ஆறு வருடம் அதன் நன்கொடைக் கணக்கைப் பார்த்ததையும் போன இதழில் வாய்தவறி எழுதிவிட்டேன். அதன் பலன், இந்த மாதம் வந்த கேள்வியெல்லாம் அதைப் பற்றியே.

எங்கள் டவுனில் அறுபது பேர் வாசிக்கும் கம்யூனிட்டி ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது. மகள் செல்லோ வாசிக்கிறாள் என்று ரிகர்சலுக்குக் கொண்டுவிடப் போனவனை, எக்செல் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக நன்கொடைக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். 20 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை தருபவர்கள் சுமார் 180 பேர். 50 டாலருக்கு மக், 100 டாலருக்குத் துணிப்பை, 250க்கு மேல் லோகோ போட்ட குடை. இந்த வருடம் இதற்கே 1,600 டாலர் ஆகும் போலிருக்கிறது. தேவைதானா, அக்கா?
– நியூ ஜெர்சி வாசகர்

தேவையில்லை. எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இப்படி வந்த மக் ஏழு இருக்கிறது, ஒன்றில் பேனா போட்டிருக்கிறேன், மற்ற ஆறும் தூசி குடிக்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நியூமனும் ஜெரெமி ஷெனும் 2012ல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அன்பளிப்பு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கேட்டபோது, கொடுக்கும் தொகை கூடவில்லை, குறைந்தது. நமக்கு இது புதிதில்லை. கல்யாணத்தில் தாம்பூலப் பைத் தேங்காய் என்ன சைஸ் என்று பார்த்துவிட்டு யாரும் மொய் எழுதுவதில்லை. ஆனால் மண்டப வாசலிலேயே '501 எழுதினால் எவர்சில்வர் டப்பா' என்று போர்டு வைத்துப் பாருங்கள், வருகிறவன் டப்பா என்ன விலை பெறும் என்றுதான் யோசிப்பான். அதனால் சின்னதாக ஏதாவது கொடுக்க ஆசையிருந்தால் பணம் வந்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் கொடுங்கள்.

அப்புறம் அந்த எக்செல்லை மொய் நோட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரியப்பா வீட்டு நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் 'இவர் மகள் காதுகுத்து தை மாசம்' என்றெல்லாம் எழுதியிருக்கும். உங்கள் பட்டியலிலும் தொகை, தேதியோடு நிறுத்தாமல், இவர் ஏன் தருகிறார் என்பதற்கு ஒரு கட்டம் போடுங்கள். மறைந்த கணவர் கிளாரினெட் வாசித்தவர், பேத்தி பள்ளி பேண்டில் இருக்கிறாள், சர்ச்சில் பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்டார் என்று ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். நன்றிக் கடிதத்தில் எழுத வேறென்ன வேண்டும்?

கடிதம் இரண்டு நாளுக்குள் போக வேண்டும், தலைவர் கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டியதாக இருக்கக் கூடாது. நாங்கள் ரிகர்சல் இடைவேளையில் காப்பி மேசைக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கார்டை விரித்து வைப்போம். ஒவ்வொன்றிலும் பெயரும் ஒரு வரிக் குறிப்பும் பென்சிலில் இருக்கும், குக்கீயை வாயில் வைத்துக்கொண்டே ஆளுக்கு ஒன்று எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் பசூன் வாசிப்பவர் பகலில் பல் டாக்டர், கையெழுத்து பிரிஸ்கிரிப்ஷன் மாதிரி கோழி கிளறியிருக்கும். அவர் ஒருமுறை எழுதியது: 'உங்கள் பணத்தில் இந்த மாதம் டிம்பனி மேளம் வாடகைக்கு எடுத்தோம். சிபேலியஸின் இரண்டாம் சிம்பொனியில் கடைசிப் பகுதி வரும்போது பின்வரிசையில் இடிக்கும் பாருங்கள், அது நீங்கள்தான்.' அந்தக் கார்டு வாங்கிய மனிதர் கச்சேரிக்கு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, இடைவேளையில் டிம்பனி எது என்று காட்டச் சொன்னார்.

மக்கை விடச் செலவில்லாத, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. கச்சேரிக்கு முந்தைய ரிகர்சலில் வயோலாவுக்கும் மரக்குழல் வரிசைக்கும் நடுவே நாலைந்து நாற்காலி போட்டு, நன்கொடையாளர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அரங்கில் இருபது வருடம் முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கும் அந்த இடம் புதிது. ஓபோ சுருதிக்கு 'ஏ' பிடித்ததும் சுற்றிலும் அறுபது வாத்தியம் எழும்பும், வில்லிலிருந்து ரோசின் பொடி வெளிச்சத்தில் பறக்கும், கண்டக்டர் பாதியில் நிறுத்தி "நோட்டில் ஜி என்று குறியிட்ட இடத்திலிருந்து மறுபடியும், ஹார்ன் கொஞ்சம் தாமதம்" என்பார், பக்கத்தில் இருப்பவர் பென்சிலால் நோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடி வரைவார். 'இங்கே கண்ணை நிமிர்த்திக் கண்டக்டரைப் பார்' என்று அதற்கு அர்த்தம், கண்டக்டரின் கையைப் பார்க்காமல் போய் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியிருக்கிறார். நான் கூட்டிக்கொண்டு போன ஒரு பாட்டி வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த மூக்குக்கண்ணாடியைப் பற்றித்தான் பேசினார். ஹார்ன்களுக்குப் பின்னால் மட்டும் யாரையும் உட்கார வைக்காதீர்கள், காது போய்விடும்.

ஒன்று மட்டும், இதையெல்லாம் அடுத்த வருடத் தொகையைக் கூட்டும் தந்திரமாக நினைக்க வேண்டாம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிகளுக்கு நன்கொடை தந்த பல லட்சம் பேரை வைத்து நடத்தி 2023ல் வெளியான ஆய்வில், நன்றி சொல்லிப் போன் வந்தவர்களும் வராதவர்களும் அடுத்த வருடம் ஒரே மாதிரிதான் கொடுத்திருக்கிறார்கள். வாங்கினோம், அதனால் நன்றி சொல்கிறோம், அவ்வளவுதான்.

நிதி திரட்ட விருந்து வைக்கிறோம். டிக்கெட் 150 டாலர். ரசீதில் 150 முழுவதையும் நன்கொடை என்று போடலாமா? உணவு ஒரு ரெஸ்டாரண்ட் இலவசமாகத் தருகிறது, எங்களுக்குச் செலவே இல்லை.
– மிச்சிகன் வாசகி

போடக் கூடாது. உங்களுக்கு என்ன செலவு என்பது இங்கே கணக்கில்லை, அந்தச் சாப்பாடு வெளியில் என்ன விலை பெறும் என்பதுதான் கணக்கு. 60 டாலர் பெறும் என்றால் வரிக் கழிவுக்கு உரியது 90 மட்டுமே. 75 டாலருக்கு மேல் வாங்கிப் பதிலுக்கு இப்படி எதையாவது கொடுத்தால், அதன் மதிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. தெரிவிக்காவிட்டால் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஒவ்வொரு நன்கொடைக்கும் 10 டாலர் வீதம், ஒரு நிகழ்ச்சிக்கு 5,000 டாலர் வரை அபராதம் போடலாம். இது தவிர, 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவருக்கு வரிக் கழிவு கேட்க உங்கள் எழுத்து அத்தாட்சி வேண்டும். பதிலுக்கு எதுவும் தரவில்லை என்றால் 'எதுவும் தரவில்லை' என்ற அந்த ஒரு வரியும் அதில் இருந்தாக வேண்டும், பலர் கோட்டை விடுவது அங்கேதான். பரிசுக் குலுக்கல் சீட்டு வாங்கிய காசுக்கு வரிக் கழிவே கிடையாது.

டோனர் அட்வைஸ்டு ஃபண்ட், அதாவது நன்கொடைக்கென்றே பணத்தை முன்கூட்டிப் போட்டுவைத்து யாருக்குத் தரலாம் என்று பிறகு சொல்லும் கணக்கு, அதன் வழியாக வரும் பணத்தில் இன்னும் கவனம். அந்த ஃபண்டில் போட்ட அன்றே நன்கொடையாளர் வரிக் கழிவை வாங்கிவிட்டார். அதனால் அவருக்கு வாயார நன்றி எழுதுங்கள், வரி ரசீது மட்டும் அனுப்பாதீர்கள், அந்தப் பணத்துக்கு விருந்து டிக்கெட்டும் தராதீர்கள்.

ரசீது ரசீதாக இருக்கட்டும், நன்றி தனித் தாளில் போகட்டும். 'எங்கள் வரி எண் இது' என்று தொடங்கும் நன்றிக் கடிதத்தைப் படித்து யாருக்கும் மனம் குளிர்ந்ததில்லை.

நிகழ்ச்சி மலரில் நன்கொடையாளர் பெயரைத் தொகை வாரியாகப் போடுவதா, அகர வரிசையிலா? எங்கள் குழுவில் இதற்கே சண்டை.
– டெக்சாஸ் வாசகர்

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னபோது, 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' என்றான். வரிசை இருக்கிறது, ராஜாதான் முதலில். ஆனால் 'மற்றும் குடுத்தார்' விட்டுப்போகவில்லை, ஆயிரம் வருடம் கழித்தும் சுவரில் இருக்கிறார்கள். என் கட்சி அதுதான்: தொகை வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் 20 டாலர் கொடுத்தவரும் அதே எழுத்தளவில் வர வேண்டும். பிரிவுகளுக்கு லார்கோ, அண்டான்டே, அலெக்ரோ, பிரெஸ்டோ என்று இசையின் வேகத்தைச் சொல்லும் பெயர்களை வைப்பது இங்கே பலருக்குப் பிடிக்கும், குறைவாகக் கொடுத்தவரை 'ரொம்ப மெதுவாக' என்று கூப்பிடுகிறோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

அதைவிட முக்கியம் எழுத்துப்பிழை. ஒரு வருடம் நான் பட்டியல் தயாரித்தபோது, மாதம் 15 டாலர் தவறாமல் அனுப்பும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கச்சேரி முடிந்ததும் தன் பிரதியில் பேனாவால் திருத்தி மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அச்சுக்குப் போகுமுன் பட்டியலை இன்னொருவர் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று விதி வைத்தோம்.

பெயரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கிக்கு 1877 தொடங்கிப் பதின்மூன்று வருடம் நதேஷ்தா வான் மெக் என்ற பணக்கார அம்மா பண உதவி செய்தார், வருடத்துக்கு 6,000 ரூபிள். இருவரும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லாம் கடிதத்தில்தான். சைகோவ்ஸ்கி நான்காம் சிம்பொனியை அந்த அம்மாவுக்குக் காணிக்கையாக்கியபோது, அவர் விருப்பப்படி பெயரைப் போடாமல் 'என் மிகச் சிறந்த நண்பருக்கு' என்று மட்டும் எழுதினார். பட்டியலில் 'பெயர் சொல்ல விரும்பாதவர்' என்று ஒரு வரி விடுங்கள், ஆனால் கார்டு அவருக்கும் போக வேண்டும்.

ஒருவர் பெரிய தொகை தருகிறேன் என்கிறார். பதிலுக்கு எங்கள் ரிகர்சல் அரங்குக்குத் தன் குடும்பப் பெயரை என்றென்றைக்கும் வைக்கச் சொல்கிறார். மகன் எங்களோடு மேடையில் பியானோ வாசிக்க ஒரு கான்செர்ட்டோவும் கேட்கிறார்.
– கலிபோர்னியா வாசகர்

பெயர் வைக்கலாம், 'என்றென்றைக்கும்' வேண்டாம். ஏவரி ஃபிஷர் 1973ல் 105 லட்சம் டாலர் கொடுத்து, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாசிக்கும் லிங்கன் சென்டர் அரங்குக்கு அவர் பெயர் வந்தது. புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது, அந்தப் பெயரை எடுப்பதற்கே குடும்பத்துக்கு 150 லட்சம் டாலர் கொடுப்பதாக 2014ல் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, வாங்கியதை விட அதிகம். அப்புறம் டேவிட் கெஃபன் 10 கோடி டாலர் கொடுத்தார், அரங்கு இப்போது அவர் பெயரில் இருக்கிறது. நீங்கள் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வருடத்தைப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் பக்கம் பாஸ்டன் சிம்பொனியை 1881ல் தொடங்கிய ஹென்றி லீ ஹிக்கின்சன், விழுந்த துண்டையெல்லாம் பல வருடம் சொந்தக் காசில் கட்டியவர். 1900ல் திறந்த அவர்களுடைய அரங்குக்குப் பெயர் வெறும் 'சிம்பொனி ஹால்'. மேடையைச் சுற்றி எழுத இடம் விட்ட பலகைகளில் பெயர் இருப்பது ஒன்றில்தான், அது பீத்தோவன். அடுத்து யார் என்பதில் ஒத்துப்போகவில்லையாம், மற்றதெல்லாம் இன்றும் காலி.

மகன் விஷயத்துக்கு ஆடிஷன் இருக்கிறதே. எல்லாரும் வரும் நாளில் அவனும் வரட்டும்.

பன்னிரண்டு வருடமாகக் கொடுத்துவந்த ஓர் அம்மா இந்த வருடம் நிறுத்திவிட்டார். கேட்டால் பணத்துக்கு நச்சரிப்பது போலாகும், கேட்காமலிருக்கவும் மனமில்லை.
– மறுபடியும் அதே நியூ ஜெர்சி வாசகர்

போன் செய்யுங்கள், பணப் பேச்சே எடுக்காதீர்கள். எங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தார், "போன கச்சேரியில் உங்களைக் காணோமே" என்று மட்டும் கேட்டேன். முழங்கால் ஆபரேஷன், இருட்டில் கார் ஓட்டப் பயம், கச்சேரியோ ராத்திரி எட்டு மணிக்கு, வராத கச்சேரிக்கு எதற்குக் காசு என்று விட்டுவிட்டாராம். வயோலா வாசிக்கும் ஒரு பையன் அவர் தெருவைத் தாண்டித்தான் வருகிறான். இப்போது அவனோடு ஆறரைக்கே வந்துவிடுகிறார், நாங்கள் நாற்காலி போடுவதை மேற்பார்வை பார்க்கிறார், ஸ்டாண்டு கோணலாக இருந்தால் திட்டு விழுகிறது. செக் இன்னும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.