முதல் கையடக்க ஹாம் ரேடியோவைக் குறைந்த விலையில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பொழுதுபோக்காக வானொலி அலைகள் வழியே பிறருடன் பேச உதவும் ஹாம் ரேடியோவில், முதல் கருவி வாங்குவோர் அனுப்பும் திறன் 5 வாட்டா, 8 வாட்டா என்று குழம்ப வேண்டியதில்லை. அந்த வேறுபாடு சமிக்ஞை வலிமையில் ஏறத்தாழ 2 டெசிபெல் மட்டுமே என்பதால், எதிர்முனையில் கேட்பவருக்கு அது பெரும்பாலும் தெரியவே தெரியாது. உங்கள் பகுதி ரிப்பீட்டர்கள் (சமிக்ஞையை வாங்கி, வலுவாக்கி மீண்டும் அனுப்பும் நிலையங்கள்) 2 மீட்டர் அலைநீளப் பட்டையில் இயங்குகின்றனவா, 70 சென்டிமீட்டரிலா என்று முதலில் விசாரித்துவிட்டு, இரண்டிலும் இயங்கி, ரிப்பீட்டரைத் திறக்கும் சிடிசிஎஸ்எஸ் எனும், குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த தொனியையும் அனுப்பக்கூடிய பாவோஃபெங் யூவி-5ஆர் போன்ற எளிய கருவியை வாங்கினாலே தொடக்கத்துக்குப் போதும்.

மிச்சமாகும் பணத்தை ஆன்டெனாவுக்குச் செலவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. 146 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ அரை மீட்டர். உடன் வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா அதைவிட மிகச் சிறியது என்பதால் அதன் திறனும் குறைவு. நீளமான ஆன்டெனாவை மாட்டி, உயரமான இடத்தில் கருவியை நிமிர்த்திப் பிடித்தால், இரைச்சலுக்குள் அமுங்கியிருந்த குரல்கள் தெளிவடைவதைக் கேட்கலாம். உரிமம் கிடைக்கும்வரை, பேசும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள்.